தங்கத் துகள் ஊசிக்காகக் கதிர்ச்சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52. பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து பறிப்பவர். மூளையிலிருந்த கட்டியைக் கண்டியில் அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். 'கிளியோபிளாஸ்டோமா, நான்காம் தரம்' என்று அறிக்கை வந்தது. கதிர்ச்சிகிச்சைக்குத் திகதியும் தந்துவிட்டார்கள். இரும்பும் தங்கமும் கலந்த 'ஹைபிரிட் நானோ துகள்' ஊசி வெளிநாட்டில் கிடைக்கிறது, கதிர் பிடித்துவிட்டால் அது பலிக்காது என்கிறார் ஏஜென்சிக்காரர் ஒருவர். நகைகளை அடகு வைத்தாவது போகலாமா?

பதில்: போக வேண்டாம், தம்பி. கண்டியில் தந்த திகதியையும் தவறவிட வேண்டாம்.

அந்த மனிதர் சொன்னது முழுப் பொய்யல்ல. அதுதான் சிக்கல். இப்படிப்பட்ட துகள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீற்றர். அந்த அளவில் இரும்பு ஒக்சைட்டை உள்ளே வைத்து, மேலே தங்கம் பூசி, அதன்மேல் கொழுப்பாலோ பொலிமராலோ போர்த்துவார்கள். இரும்பு எம்ஆர்ஐ படத்தில் கட்டியைக் காட்டும்; தங்கம் கதிரின் தாக்கத்தைக் கூட்டும்; போர்வையில் மருந்தை ஏற்றலாம். பல பொருள்கள் ஒன்றாகச் சேர்வதால்தான் 'ஹைபிரிட்'.

தடை மூளையின் வாசலில் இருக்கிறது. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால்தானே மலைக்குப் போக முடியும்? மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரும் அப்படித்தான்; பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடுவதில்லை. ஆனால் மூளைக்கு இரும்பு தேவை. அதைச் சுமந்து வரும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்கு அங்கே பெயர் உண்டு. ஆகவே துகளின் மேல் அந்தப் புரதத்தை ஒட்டி அனுப்பிப் பார்க்கிறார்கள். கட்டியின் நடுவில் இந்தச் சுவர் ஓட்டை விழுந்திருக்கும், அங்கே நுழைவது எளிது. நல்ல மூளைக்குள் வேர்விட்ட ஓரங்களிலோ சுவர் இன்னும் உறுதியாக நிற்கிறது. சத்திர சிகிச்சை நிபுணரின் கத்திக்கும் எட்டாத அந்த ஓரத்திலிருந்துதான் பெரும்பாலும் நோய் திரும்புகிறது. இரத்தத்தில் ஏற்றிய துகள்களில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. விலங்குகளில் பல்வகைக் கட்டிகளில் செய்த பத்தாண்டு ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, கட்டியைப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் அளவாக) 0.7 சதவீதம்தான்.

மனிதரில் எதுவும் நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. ஜெர்மனியில் இரும்பு ஒக்சைட் துகளைக் கட்டிக்குள்ளேயே செலுத்தி, காந்தப் புலத்தால் சூடாக்கும் முறைக்கு 2010-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. இதே கிளியோபிளாஸ்டோமா திரும்பிய 59 பேரிடம் அதைச் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இருக்கவில்லை. உள்ளே தங்கிய இரும்பு பிறகு எடுக்கும் எம்ஆர்ஐ படத்தையே கெடுத்துவிடுகிறது. நோயைக் காட்ட வேண்டிய பொருளே திரையைக் கறுப்பாக்கினால் என்ன செய்வது? பிரான்ஸின் கிரெனோபிளில், கடோலினியம் என்ற உலோகமும் சிலிக்காவும் சேர்ந்த துகளை, வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 15 பேருக்கு முதற்கட்டச் சோதனையாகக் கொடுத்தார்கள். எனக்கு இதில்தான் கூடுதல் நம்பிக்கை. ஆனால் அது உங்கள் அம்மாவின் நோயல்ல; அவருடையது மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்.

இந்த இரண்டிலுமே துகளைக் கதிர்ச்சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஆகவே, 'கதிர் பிடித்துவிட்டால் பலிக்காது' என்பது தலைகீழான பேச்சு. அந்த ஏஜென்சிக்காரரிடம் சோதனையின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒழுங்கான சோதனையில் சோதிக்கும் மருந்துக்குப் பொதுவாக நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள்.

கையிலிருக்கும் சிகிச்சையைப் பார்ப்போம். வழக்கமான முறையில் ஆறு வாரம், 30 தடவை கதிர்; கூடவே டெமோசோலோமைட் என்ற புற்றுநோய்க் குளிசை. 2005-இல் வெளியான பெரிய ஆய்வில் கதிர் மட்டும் பெற்றவர்களின் நடுமதிப்பு ஆயுள் 12.1 மாதம், குளிசையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். சிறிய வித்தியாசம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதைத் தாமதத்தில் இழக்கக் கூடாது. திசு அறிக்கையில் 'எம்ஜிஎம்டி' பார்த்திருக்கிறார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். அந்த மரபணு செயல்படாமல் அடங்கிப்போயிருந்தால் குளிசை கூடுதலாக வேலை செய்யும்.

பொகவந்தலாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவது அம்மாவுக்கு ஆகாது. நகைப் பணத்தில் கொஞ்சத்தைக் கண்டியில் ஓர் அறைக்குச் செலவிடுங்கள். குளிசையை வெறும் வயிற்றில், உடைக்காமல் விழுங்க வேண்டும். வீக்கத்துக்குத் தந்த டெக்ஸாமெதசோனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்காமல், அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள்; ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.