பிறந்தநாள் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் ஒன்றரைக் கிலோ

கேள்வி: வணக்கம் மிஸ். நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வயது 38, ஆசிரியை. டயட் தொடங்கும்போது 74.6 கிலோ. முதல் கிழமையிலேயே 2 கிலோவுக்கு மேல் இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். போன வெள்ளி இரவு ஒரு பிறந்தநாள் வீட்டில் கொத்துரொட்டி சாப்பிட்டேன். வெள்ளி காலை 71.4 ஆக இருந்த நிறை சனி காலை 72.9. அழுகையே வந்துவிட்டது. மூன்று கிழமை பட்ட பாடு ஒரே இரவில் போய்விட்டதா? மச்சாள் ஒரு மெலியும் தேயிலைப் பொதி தந்திருக்கிறா, 7 நாளில் 3 கிலோ உத்தரவாதமாம். பொதியின் படத்தையும் தினமும் எழுதிய நிறைகளையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். குடிக்கலாமா? சோற்றை முழுதாக விட்டுவிடவா? என்னைப் பார்த்து மாமியும் தராசில் ஏறினா. அவவுக்கு இதயம் பலவீனம் என்று கிளினிக்கில் மருந்து எடுக்கிறா. அவவுக்கும் மூன்று நாளில் 2 கிலோ கூடியிருக்கு. அதுவும் இப்படித்தானே?

பதில்: இல்லை தங்கச்சி, மாமியுடையது இப்படி இல்லை. அதனால் அவவின் விஷயத்தை முதலில் சொல்கிறேன். இன்றைக்கே அவவை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதயம் பலவீனமானவர்களுக்கு இரத்தம் போதிய வேகத்தில் ஓடாது. சிறுநீரகம் அதைத் தண்ணீர் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும். அந்தத் தண்ணீர் காலில் இறங்கும், நுரையீரலிலும் சேரும். கால் வீங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசு காட்டிவிடும். மூன்று நாளில் 2 கிலோ என்பது வைத்தியர்கள் எச்சரிக்கை என்று வைத்திருக்கிற அளவுதான். அவவின் கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது பெருவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இன்னொரு தலையணை கேட்கிறாவா? இரவில் இருமுகிறாவா? இவற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போக வேண்டும், இருந்தால் உடனே போக வேண்டும். மூச்சு எடுக்கவே கஷ்டப்பட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தண்ணீர் போகும் குளிசையை நீங்களாகவே இரட்டிப்பாக்கிக் கொடுக்க வேண்டாம். குடிக்கிற குளிசை எல்லாவற்றையும், நிறை எழுதிய கொப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கும் இதே விதிதான். நம் மாவட்டத்தில் பதவிசிறீபுரப் பக்கம் எத்தனை வீடுகளில் அந்த நோய் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. இருந்தும் 'தினமும் காலையில் நிறை பாருங்கள், இத்தனை கூடினால் உடனே வாருங்கள்' என்ற ஒரு வசனத்தைக் கிளினிக்கில் சொல்லி அனுப்புவதற்கு ஆளில்லை, நேரமில்லை. நோயாளிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதில் பாதி கொப்பி தேடுவதில் போகிறது. கையில் துண்டு எழுதிக் கொடுத்தாலே போதும். அதுகூட நடக்காததைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி உங்களுடையதைப் பார்ப்போம். உங்கள் கொழுப்பு கூடவில்லை.

ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் அன்றைய தேவைக்கு மேலே 11,500 கலோரிக்குக் கிட்டச் சாப்பிட்டிருக்க வேண்டும். பெரிய பிளேட் கொத்து ஒன்றை ஆயிரம் கலோரிக்குச் சற்றுக் கூட என்று வைத்தாலும், வழமையான சாப்பாட்டுக்கு மேலே ஏறக்குறைய பத்துப் பிளேட் தேவை. நீங்கள் ஒன்றுதான் சாப்பிட்டீர்கள், அதோடு கொஞ்சம் ஐஸ்கிறீம் இருந்திருக்கும்.

அப்படியென்றால் அந்த ஒன்றரைக் கிலோ எது? முதலாவது உப்பு. கொத்தில் ரொட்டியிலும் கறியிலும் சோஸிலும் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அந்த அளவை ஒரு கடைச் சாப்பாடே தின்றுவிடக்கூடும். கூடுதலாக 5 கிராம் உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை கிட்டத்தட்ட அரை லீற்றர் தண்ணீரை உடம்பு பிடித்து வைக்கும். அரை லீற்றர் என்றால் அரைக் கிலோ. அடுத்தது மாவுச்சத்து. ஈரலிலும் தசையிலும் உடம்பு சேமித்து வைக்கிற மாவுச்சத்து (கிளைக்கோஜன்) ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரோடுதான் சேரும். டயட்டில் வெறுமையாகியிருந்த அந்தக் களஞ்சியம் ரொட்டியைக் கண்டதும் நிரம்பியிருக்கிறது, அதுவும் ஒரு அரைக் கிலோவைத் தரும். மிச்சம் குடலில் இருக்கிற சாப்பாடு. இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டதைக் காலை ஆறு மணிக்குள் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஞாயிறு 72.2 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒரு நாளில் 700 கிராம் இறங்கியிருக்கிறது. கொழுப்பு இப்படி இறங்காது, தண்ணீர் இறங்கும்.

மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் பெண்களுக்குத் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ வரை, சிலருக்கு அதற்கும் மேல் ஏறும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கித் தசை நோகும்போதும், மலச்சிக்கலிலும் ஏறும். சூடான கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் உள்துறைமுகப் பக்கம் ஒரு மணிநேரம் நடந்துவிட்டு வந்தால் வியர்வையில் ஒரு கிலோ குறைந்தும் காட்டலாம். அந்தக் குறைவும் பொய்தான், தண்ணீர் குடித்ததும் திரும்பி வரும். வியர்த்த பிறகு தராசுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம்.

முதல் கிழமையில் இறங்கிய அந்த 2 கிலோவிலும் பெரும்பகுதி இதே களஞ்சியமும் அதோடு இருந்த தண்ணீரும்தான். டயட் தொடங்குகிற எல்லாருக்கும் இது நடக்கும். மெலிய வைக்கிறோம் என்று வியாபாரம் செய்கிறவர்களின் முழுப் பிழைப்பும் இந்த முதல் கிழமையில்தான் இருக்கிறது. அவர்கள் விற்கிற மாவையோ தேயிலையோ கப்சூலையோ எடுக்காமல் வெறுமனே சோற்றையும் சீனியையும் குறைத்தாலே வரும் குறைவை, தங்கள் சாமான் செய்த வேலை என்று காட்டிக் காசு வாங்குவார்கள். இரண்டாம் கிழமை நின்றதும் 'நீங்கள் ஒழுங்காக எடுக்கவில்லை, இன்னொரு பொதி வாங்குங்கள்' என்பார்கள். கையில் பிடிக்க வைத்துக் கொழுப்பு வீதம் காட்டும் மெஷினும் அப்படித்தான். உடம்பினூடாகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பிக் கணக்குப் போடுகிறது, உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்.

நீங்கள் அனுப்பிய பொதியின் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் இடுப்பு ஒடுங்கிய பெண், மூலிகை இலை, '100% இயற்கை'. பின்பக்கத்தில் மடிப்புக்குள் மறைகிற சிறிய எழுத்தில் சேர்பொருட்கள், அதில் மூன்றாவது சென்னா, அதாவது நிலாவாரை. பேதிக்குக் கொடுக்கிற சாமான். இறக்குமதி செய்தவரின் விலாசம் படத்தில் எங்கேயும் இல்லை. சாப்பாட்டின் கலோரி சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்து முடிந்துவிடும். நிலாவாரை வேலை செய்வது அதற்குப் பிறகு வருகிற பெருங்குடலில். ஆகவே நீங்கள் இழப்பது மலமும் தண்ணீரும் மட்டும். தொடர்ந்து குடித்தால் பொட்டாசியமும் போகும். அது மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே பிசகும். 3 கிலோ உத்தரவாதம் தரலாம்தான், ஏழு நாள் வயிற்றால் போனால் யாருக்கும் குறையும். மாமி இருக்கிற வீட்டில் அந்தப் பொதி அலுமாரியில்கூட இருக்கக் கூடாது.

கப்சூல் என்று வந்தால் எனக்கு இன்னும் பயம். பசியைக் குறைக்கிற சிபுட்ரமின் என்ற மருந்து இரத்த அழுத்தத்தையும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தையும் கூட்டுகிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 'மூலிகை' என்ற பெயரில் விற்கிற மெலியும் கப்சூல்களில் அது கலந்திருப்பதைப் பல நாடுகளின் பரிசோதனைகளில் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். நம் நாட்டில் மருந்துகளைக் கட்டுப்படுத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. ஆனால் தொலைபேசியில் படம் போட்டு, காசைக் கணக்குக்கு வாங்கி, பார்சலில் அனுப்புகிறவனை யார் போய்ப் பிடிக்கிறார்கள்? பிடிக்கிற வரைக்கும் உங்கள் காவல் நீங்கள்தான்.

சரி, நிறையை எப்படிப் பார்ப்பது? காலையில் எழும்பி, மலசலம் போய், பிளேன்ரீ குடிக்க முன்பு, ஒரே மாதிரியான மெல்லிய உடுப்போடு. தராசு சீமெந்துத் தரையில் இருக்கட்டும், பாயிலோ கார்ப்பெட்டிலோ வேண்டாம். தினமும் எழுதுங்கள், ஆனால் தினமும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஏழு நாளையும் கூட்டி ஏழால் பிரியுங்கள். அந்த ஒரு எண்தான் உங்கள் நிறை.

நீங்கள் அனுப்பிய எண்களிலேயே செய்து பார்த்தேன். இரண்டாம் கிழமை 72.3, 71.8, 72.6, 72.0, 71.9, 72.4, 71.7. கூட்டினால் 504.7, சராசரி 72.1. மூன்றாம் கிழமை 71.6, 71.3, 71.5, 71.2, 71.4, பிறகு அந்த 72.9, 72.2. கூட்டினால் 502.1, சராசரி 71.7. பிறந்தநாள் வீட்டையும் சேர்த்துத்தான் 400 கிராமுக்குக் கிட்டக் குறைந்திருக்கிறீர்கள். கிழமைக்கு அரைக் கிலோ அளவில் இறங்குவது நல்ல வேகம்.

மாதம் ஒருமுறை கிளினிக்கில் பார்க்கிற நிறையை வைத்து மனம் நோக வேண்டாம். ஒரு மாதம் இரத்தப் பரிசோதனைக்காக வெறுவயிற்றோடு போவீர்கள், அடுத்த மாதம் சாப்பிட்டுவிட்டு, செருப்போடு, பின்னால் வரிசை தள்ளத் தள்ள ஏறுவீர்கள். அந்த இரண்டு எண்ணையும் கழித்துப் பார்த்து 'சொன்னதைக் கேட்கவில்லையே' என்று ஏசுகிறார்கள். ஏச்சு வாங்கியவர் அடுத்த மாதம் வருவதில்லை, நேரே தேயிலைக்காரனிடம் போகிறார். உங்கள் கொப்பியைக் காட்டுங்கள், பார்க்க மறுத்தாலும் காட்டுங்கள்.

இடுப்பையும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை தையல் நாடாவால் அளவிடுங்கள், மூச்சை விட்ட பிறகு. நம் பகுதிப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழே இருப்பது நல்லது.

சோற்றை விட வேண்டாம். விட்டால் முதல் நாட்களில் இன்னொரு கிலோ தண்ணீர் இறங்கும், நீங்கள் மகிழ்வீர்கள், பிறகு ஒரு நாள் பிட்டையும் சொதியையும் கண்டதும் அது திரும்பி வரும், மீண்டும் அழுவீர்கள். சிவப்பரிசிச் சோறு இப்போது எடுக்கிற அளவிலேயே இருக்கட்டும். மரக்கறியும் மீனும் கூடட்டும், கருவாடும் ஊறுகாயும் குறையட்டும். அடுத்த நான்கு கிழமைச் சராசரியும் ஒன்றையொன்று ஒத்து அப்படியே நின்று, இடுப்பளவும் அசையாமல் இருந்தால், அப்போது மதியச் சோற்றில் ஒரு அகப்பையைக் குறையுங்கள். அதுவரை ஒன்றையும் மாற்ற வேண்டாம்.