கட்டிக்குள் நிற்கும் நியூட்ரோபில்: கேட்டதும் சொன்னதும்

நியூட்ரோபில் என்பது கிருமிகளோடு சண்டை போடும் ஒரு வகை வெள்ளணு; புற்றுக்கட்டிக்குள்ளும் அது வந்து நிற்கும். தஞ்சாவூரில் பல வருடம் பயாப்ஸி ஸ்லைடு பார்த்தவள் என்பதால் அதைப் பற்றி வந்த கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

கும்பகோணம், மாணவி: டாக்டர், புற்றுக்கட்டியில் உள்ள நியூட்ரோபிலில் என்1, என்2 என்று இரண்டு வகை என்கிறார்கள். ஸ்லைடில் எப்படிப் பிரிப்பது?

பிரிக்க முடியாதும்மா. எச் அண்ட் ஈ என்ற வழக்கமான திசுச் சாயத்தில் தெரிவது மூன்று முதல் ஐந்து மடலாகப் பிரிந்த கரு. அது நியூட்ரோபில், அவ்வளவுதான். நாற்றங்காலில் நெல்லோடு நெல்லாகக் குதிரைவாலிப் புல் நிற்குமே, அதற்காவது இலை தண்டோடு சேரும் இடத்தை விலக்கிப் பார்த்தால் போதும்: நெல்லுக்கு அங்கே வெளிர் நாக்கு மாதிரி ஒரு சவ்வு இருக்கும், புல்லுக்கு இருக்காது. என்1, என்2வுக்கு அப்படி ஒற்றை அடையாளம் இல்லை. 2009இல் எலிகளுக்கு டிஜிஎஃப்-பீட்டா என்ற, செல்களுக்குச் சேதி சொல்லும் புரதத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். கட்டிக்குள் வந்த நியூட்ரோபில்கள் புற்றுசெல்லைக் கொல்லும் குணத்தோடு இருந்தன. அவற்றுக்கு என்1, கட்டிக்குத் துணைபோகிறவற்றுக்கு என்2 என்று பெயர் வைத்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பெட்டி இல்லை, ஒரே கோட்டின் இரண்டு முனை.

மன்னார்குடி, லேப் டெக்னீஷியன்: ஸ்லைடில் நியூட்ரோபிலைச் சாயமேற்றிக் காட்ட எந்த ஆன்டிபாடி போடலாம்?

மனிதத் திசுவுக்கு என் தேர்வு, செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி66பி என்ற அடையாளத்துக்கான ஆன்டிபாடி. ஈயோசினோபில் என்ற இன்னொரு வெள்ளணுவும் அதை ஏற்கும், எனவே பக்கத்திலேயே எச் அண்ட் ஈ வைத்துக்கொள்ளுங்கள். சிடி15 என்ற அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். சில புற்றுசெல்களே அந்தச் சாயத்தை ஏற்றுப் பழுப்பாகிவிடும். எல்ஒய்6ஜி என்ற அடையாளம் எலிக்குத்தான். அப்புறம், செத்த திசுப் பகுதியையும் ரத்தக்குழாயின் உட்புறத்தையும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். நான் சேர்த்து, பாதி நாள் வேலையை மறுபடி செய்திருக்கிறேன்.

திருவாரூர், ஆராய்ச்சி மாணவர்: ரத்த அணுக்களை அடர்த்தி பார்த்துப் பிரிக்கும் ஃபைகால் திரவத்தில் சுழற்றினால், நியூட்ரோபில் அடியில் இறங்காமல் லிம்போசைட் என்ற வேறு வெள்ளணுக்களின் அடுக்கில் நிற்கிறதே?

ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம், தம்பி? டியூபோடு பஸ் ஏறி, சாயங்காலம் சுழற்றியிருந்தால் காத்திருந்ததாலேயே அடர்த்தி மாறியிருக்கும். உடனே செய்தும் நின்றால் அவை அடர்த்தி குறைந்த நியூட்ரோபில்கள். புற்றுநோயாளிகளிடம் கூடுதலாகக் காணலாம். இளசும் முதிர்ந்ததும் கலந்திருக்கும். சிடி10 என்ற மேற்பரப்பு அடையாளம் இல்லாதவை இளசு. டி செல் என்ற எதிர்ப்பு அணுவை அடக்கும், பிஎம்என்-எம்டிஎஸ்சி என்று பெயரிட்ட வகையும் இதில் உண்டு. லாக்ஸ்-1 என்ற மேற்பரப்புப் புரதம் அந்த வகைக்கு ஒரு துப்பு. டி செல்லோடு வளர்த்து, அடக்குகிறதா என்று பார்த்த பிறகு பெயர் சொல்லுங்கள்.

திருவையாறு, ஒரு மகன்: அப்பாவின் ரிப்போர்ட்டில் ‘நியூட்ரோபில்கள் உள்ளன’ என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

புண்ணோ சீழோ இருந்தாலும் அவை வரும். அந்த ஒரு வரியை வைத்து ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த வகைப் புற்று, எந்த கிரேடு, எதுவரை பரவியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.