கணினி கேள்வி–பதில்: முடியாத மைக்ரேஷன்

கேள்வி: தோட்டக் காரியாலயத்தில் கேவிஎம் (ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்ட இரண்டு சர்வர்கள் உள்ளன, வட்டு இரண்டுக்கும் பொதுவான சேமிப்பில். செக்ரோலும் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) கொழுந்துக் கணக்கும் ஓடும் 16 ஜிபி நினைவகமுள்ள விஎம்மை (மெய்நிகர் கணினியை), கரண்ட் போனதும் பெரிய யூபிஎஸ் உள்ள சர்வருக்கு நிறுத்தாமல் மாற்ற (மைக்ரேஷன்) பார்க்கிறோம். கடைசி வரை போகிறது, முடிவதே இல்லை.
– வாசகர், ஹட்டன்

பதில்: நினைவகம் 4 கேபி பக்கங்களாகப் போகிறது, உங்களுக்கு ஏறத்தாழ 42 இலட்சம் பக்கங்கள். ஒரு கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி அளவுதான் போகும், முதல் சுற்றுக்கே இரண்டரை நிமிடம். அதற்குள் மாறிய பக்கங்களை மறுபடி அனுப்ப வேண்டும். மிச்சம் 300 மில்லி நொடிக்குள் அனுப்பும் அளவுக்குச் சுருங்கினால்தான் விஎம் மறுபக்கம் எழும்பும்.

மாற்றம் ஓடும்போதே 'விர்ஷ் டொம்ஜொப்இன்ஃபோ' (virsh domjobinfo) கட்டளை கொடுத்து, டர்ட்டி ரேட் (நொடிக்கு மாறும் பக்கங்களின் எண்ணிக்கை) வரியைப் பாருங்கள். உங்கள் இணைப்பால் அனுப்ப முடிந்த அளவான நொடிக்கு 28,000 பக்கத்தைத் தாண்டினால் எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. கொழுந்து நிறுத்துப் பதியும் வேளையில் அது ஏறத்தான் செய்யும்.

முதலில் சுமையைக் குறையுங்கள். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்றால், 5.7 முதல் இனோடிபி பஃபர் பூலை (அது தரவை வைத்திருக்கும் நினைவக இடத்தை) ஓடும்போதே சுருக்கலாம். அதன்பின் 'விர்ஷ் செட்மெம்' (virsh setmem) மூலம் பலூனால் (விஎம்முக்குள்ளிருந்து நினைவகத்தைத் திரும்ப வாங்கும் இயக்கியால்) விஎம்மை 8 ஜிபிக்கு இறக்குங்கள். வரிசை மாறினால் விஎம் ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாமல் வட்டைப் பயன்படுத்துவதற்கு) போய் இன்னும் மந்தமாகும். லினக்ஸ் கேஷை (வட்டுத் தரவின் தற்காலிக நினைவகப் பிரதியை) மட்டும் காலி செய்தால் போதாது. விடுவித்த பக்கத்தில் பழைய தரவு அப்படியே கிடக்கும், அதுவும் சேர்ந்தே போகும். பலூன் வாங்கிய பக்கமோ வெற்றாகிவிடும். வெற்றுப் பக்கத்துக்குச் சிறு குறிப்பு மட்டுமே போகும். மாற்றி முடிந்ததும் இரண்டையும் பழையபடி ஏற்றிவிடுங்கள்.

அப்படியும் முடியாவிட்டால் ஆட்டோ-கன்வெர்ஜ் தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது விஎம்மின் சிபியூவை முதலில் 20 சதவீதம் அடக்கி, தேவைப்பட்டால் பத்துப் பத்தாகக் கூட்டும். போஸ்ட்-காப்பி (விஎம்மை முதலில் மாற்றிவிட்டு, மிச்ச நினைவகத்தைப் பின்னால் இழுக்கும் முறை) கட்டாயம் முடித்துவிடும். ஆனால் நடுவில் நினைவகம் இரண்டு சர்வரிலும் பிரிந்து கிடக்கும். அந்நேரம் பழைய சர்வர் அணைந்தால் ஓடிக்கொண்டிருந்த விஎம் போய்விடும், வட்டிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். யூபிஎஸ்ஸில் ஓடும் உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தினமும் விஎம்மின் நினைவகத்தோடு ஸ்னாப்ஷாட் (அந்நேர நிலையின் பதிவு) எடுக்கிறோம். விஎம் உறைந்து நிற்கிறது, வட்டும் நிரம்புகிறது.
– வாசகர், பண்டாரவளை

பதில்: கியூகவ்2 (விஎம்மின் வட்டாக இருக்கும் கோப்பு வகை) கோப்புக்குள்ளேயே எடுத்தால், நினைவகம் எழுதி முடியும்வரை விஎம் நின்றுதான் ஆக வேண்டும். தினசரி காப்புப் பிரதிக்கு நினைவகமே தேவையில்லை. விஎம்முக்குள் கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் (வெளியிலிருந்து வரும் கட்டளையை உள்ளே செய்யும் நிரல்) நிறுவி, டிஸ்க்-ஒன்லி (வட்டு மட்டும்), குவையஸ் (எடுக்கும் கணத்தில் எழுதுவதை நிறுத்தி வைத்தல்) என்ற இரண்டு தெரிவுகளோடு எடுங்கள். அதன்பின் புதிய எழுத்தெல்லாம் தனி மேலடுக்குக் கோப்புக்குப் போகும். பிரதி எடுத்த கையோடு 'பிளொக்கமிட்' (மேலடுக்கை அடிக் கோப்போடு சேர்த்தல்) செய்து பிவட்டும் (விஎம்மை அடிக் கோப்புக்கே திருப்புதல்) கொடுங்கள். விட்டால் மேலடுக்குக் கோப்பு நாளுக்கு நாள் வீங்கி, வட்டு மறுபடி நிரம்பும்.