கட்-ஆஃப் கணக்கும் சான்றிதழ் வேலையும்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ போகிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். நடுவில் ஊர் மாறியதால் இரண்டு பள்ளிகள். இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறாள். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: இன்ஜினீயரிங் சேர்க்கைக்கு ரேங்க் போட எடுக்கும் மொத்த மார்க்தான் கட்-ஆஃப். அது 200-க்கு. கணித மார்க் அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 85 என்றால் 92 + 44 + 42.5 = 178.5. கணிதத்தில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபிலும் ஒன்று போய்விடும். அதனால் தினமும் கணிதத்துக்குத்தான் முதல் நேரம். கேள்வித்தாளில் 20 ஒரு மார்க் கேள்விகள் வரும். "மூன்றாவதுதான் விடை" என்று பல பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்; விடைகளின் வரிசையை மாற்றிக் கொடுத்தால் அது காலை வாரிவிடும். ஒவ்வொன்றையும் நோட்டில் போட்டுப் பார்க்கட்டும். இயற்பியல், வேதியியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 இருக்கிறது. ரெக்கார்டு நோட்டைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உங்கள் மகளுக்குப் பெரிய வரம். இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் இப்போதே படிப்புச் சான்று வாங்கிவிடுங்கள். அந்தப் பள்ளி அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். உதவி பெறும் பள்ளிக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது.

சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் 'எஸ். கவிதா', இன்னொன்றில் 'கவிதா எம்.' என்றிருந்தால் சரிபார்ப்பின்போது அலைய விடுவார்கள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாமே இ-சேவையில் போட்டாலும் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் என்று நகரவேண்டும். ரிசல்ட் வந்தபின் போனால் கூட்டம் தாங்காது.

கேள்வி: இன்ஜினீயரிங் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது, கிடைக்கக்கூடிய கல்லூரியை முதலில் எழுதுவதா, பிடித்ததையா?
– ஒரு மாணவர், அரியலூர்

பதில்: பிடித்ததைத்தான். உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருவார்கள். எட்டாத கல்லூரியை மேலே எழுதுவதால் நஷ்டமே இல்லை. பத்துப் பதினைந்தோடு நிறுத்துவதுதான் ஆபத்து. எதுவும் கிடைக்காமல் போய்விடலாம். கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவுக் குறியீட்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, அதைப் பார்த்தே பதிவிடுங்கள்.