பனியே பார்க்காத சென்னையில் உட்கார்ந்துகொண்டு, பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த பயத்லான் பார்ப்பதில் அப்படி என்னதான் இருக்கிறது?

எனக்குப் பனி மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. தண்டையார்பேட்டையில் மார்கழி வந்தாலே மஃப்ளரைத் தேடுகிற குடும்பம் எங்களுடையது. மற்ற பனி விளையாட்டுகளில் ஐந்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். இதை மட்டும் விடுவதில்லை. காரணம் அந்தத் துப்பாக்கி.

முதுகில் குறைந்தது மூன்றரை கிலோ துப்பாக்கியைச் சுமந்தபடி, ஸ்கீயில் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி வர வேண்டும். வந்த வேகத்தில் 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும். படுத்துச் சுட்டால் 45 மில்லிமீட்டர் வட்டம், நின்று சுட்டால் 115. பெரிசுதானே என்று நினைக்க வேண்டாம், நின்று சுடுவதில்தான் ஆட்டமே கவிழும். மூச்சு வாங்க வாங்கத் துப்பாக்கி முனை மேலும் கீழும் போவது கேமராவில் நன்றாகவே தெரியும். ஒரு நொடி மூச்சை நிறுத்துவார்கள், முனை நிற்கும், சுடுவார்கள். பட்டால் கறுப்பு வட்டம் வெள்ளையாகிவிடும். மின்ட் மேம்பாலத்தை ஏறி இறங்கி ஓடிவந்த கையோடு கேரம் போர்டில் ரெட்டைப் போட்டு ஃபாலோவும் போடச் சொன்னால் எப்படி இருக்கும்?

தப்பினால் ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் கூடுதல் சுற்று. இருபது சொச்சம் நொடி போச்சு. அதனால் முன்னால் போகிறவருக்கு நிம்மதியே கிடையாது. "இவன் எங்கயோ போயிட்டான், சேனலை மாத்து" என்பார் அப்பா. "இருப்பா, இன்னும் ஒரு ஷூட்டிங் இருக்கு" என்பேன். அந்தக் கடைசி ஷூட்டிங்கில் இரண்டு குண்டு தப்பி, முதல் ஆள் தண்டனைச் சுற்றில் சுற்றிக்கொண்டிருக்க, பின்னால் வந்தவர் கடந்து போவார். இப்போது ரிமோட்டை அப்பா தருவதில்லை.

சுட்டு முடித்ததும் எல்லாம் முடிந்துவிடாது. 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில், எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் மாஸ் ஸ்டார்ட் பந்தயத்தில், 15 கிலோமீட்டர் போன பிறகும் பிரான்சின் மார்ட்டின் ஃபூர்கேடா, ஜெர்மனியின் சிமோன் ஷெம்பா என்று போட்டோவை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். தங்கம் ஃபூர்கேடுக்கு.

புதிதாகப் பார்ப்பவர்கள் இன்டிவிஜுவல் பந்தயத்தில் ஆரம்பிக்க வேண்டாம். தனித்தனியாகக் கிளம்புவார்கள், தப்பிய குண்டுக்குக் கூடுதல் சுற்றுக்குப் பதிலாக வழக்கமாக ஒரு நிமிடம் கூட்டுவார்கள், கணக்குப் போட்டே தலை சுற்றும். முன்னால் கிளம்பியவரைப் பின்னால் வருபவர்கள் துரத்தும் பர்சூட் பாருங்கள். முதலில் கோட்டைத் தொட்டவர் ஜெயித்தார், அவ்வளவுதான். ஐரோப்பாவில் மதியம் நடப்பது நமக்குச் சாயங்காலம், தூக்கமும் கெடாது.