அத்தியாயம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்து இது மூன்றாவது வருடம். கரைவலைத் தொழிலாளரின் வருமானம் பற்றிய தரவுகளைத் திரட்டி முடித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. அத்தியாயம் முழுமையடையவில்லை என்ற வெட்கத்தில் மேற்பார்வையாளருக்கு நான்கு மாதங்களாக மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை. உறக்கம் குறைந்துவிட்டது. ஆறு வயது மகளோடு கடற்கரைக்குப் போனாலும் குற்ற உணர்வு வருகிறது. பட்டம் கிடைத்த பிறகுதான் நிம்மதி என்று என்னைத் தேற்றிக்கொள்வது சரியா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரி, சரியல்ல என்பதே என் உறுதியான எண்ணம். நிம்மதியைத் தள்ளிப்போட்டவர்களின் ஆய்வும் தள்ளிப்போனதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

உங்கள் நிலையைத் திறமைக் குறைவு என்று எண்ண வேண்டாம். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 கலாநிதிப் பட்ட மாணவரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், அவர்களில் 32 சதவீதமானோர் மனச்சோர்வு போன்ற உளநலக் கோளாறுக்கு ஆளாகும் அபாயத்தில் இருந்தது தெரியவந்தது. வேலைச் சுமை, வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான இழுபறி, மேற்பார்வையாளர் வழிநடத்தும் விதம் ஆகியவற்றோடு அந்த அபாயம் தொடர்புபட்டிருந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அந்த நான்கு மாத மௌனம்தான். ஆசிரியர் முன் குறையோடு போய் நிற்கக் கூடாது என்று பழகிய நமக்கு, அரைகுறை எழுத்தைக் காட்டுவது அவமரியாதை போலத் தோன்றுகிறது. நானும் என் ஆய்வுக் காலத்தில் ஓர் அத்தியாயத்தை ஏழு மாதங்கள் மேசை இழுப்பறையில் வைத்துத் திருத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் கொடுத்தபோது, என் மேற்பார்வையாளர் முதற்பக்க ஓரத்தில் பென்சிலால் ‘இதை ஏன் முன்பே காட்டவில்லை?’ என்று எழுதினார். பின்னால் கிடந்த ஓர் அட்டவணையை முன்னுக்குக் கொண்டுவந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று இருபது நிமிடங்களில் விளக்கிவிட்டார். ஆகவே, கையில் ஆறு பக்கங்கள் இருந்தால் அந்த ஆறையும் இந்த வாரமே அனுப்புங்கள். எதை முடித்தீர்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறீர்கள், அவரிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பவற்றை அரைப் பக்கத்தில் எழுதி இணையுங்கள். பேராதனைக்கு அடிக்கடி பஸ் ஏறிப் போவது இயலாது என்பதால், மாதத்துக்கு ஒருமுறை இணையவழியாகப் பேச ஒரு நாளைக் குறித்துத் தரும்படியும் கேளுங்கள். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரே ஒரு வரி போதும்.

கரைவலை இழுப்பவர்களை நீண்ட நாட்கள் அருகிருந்து பார்த்தவர் நீங்கள். வலையின் மடியில் மீன் இல்லாத நாளிலும் அவர்கள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது தொழிலுக்குப் போகாததை அங்கே எவரும் குற்றமென்று சொல்வதில்லை. எழுத்து வேலைக்கும் அப்படி ஒரு தொடக்கமும் முடிவும் வேண்டும். மகளைப் பாடசாலையில் விட்டு வந்ததும், கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் எழுதுங்கள். எழும்போது நாளை எங்கே தொடங்குவது என்பதை ஒரு வரியில் குறித்து வையுங்கள்.

தனிமையும் உங்களை வாட்டுகிறது என்று நினைக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. துறை வேறாக இருந்தாலும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரையாவது அங்கே தேடிக்கொண்டு, வாரத்தில் ஒரு காலை ஒரே மேசையில் இருந்து எழுதுங்கள்.

உறக்கமின்மையைப் பொறுத்தவரை ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சோர்வும் உறக்கக் குறைவும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

மகளோடு கடற்கரைக்குப் போகும் மாலையை ஆய்வு வேலைகள் எழுதும் அதே நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். அந்த நேரம் அவளுக்கு உரியது. ஆய்விலிருந்து திருடிய நேரமல்ல. மேற்பார்வையாளரின் பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.