மேடையில அழுகை வந்தா என்ன செய்யிறது? கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி: ரீச்சர், அரங்கேற்றத்துக்குப் பழகுறன். சீதையைக் காட்டில விடுற இடம் வந்தா உண்மையாவே அழுதிடுறன். பிழையோ?

பதில்: பிழை இல்லைப் பிள்ளை. நாட்டிய சாஸ்திரம் சொல்லுற எட்டு சாத்விக பாவத்தில கண்ணீரும் ஒண்டு, வேர்க்கிறது நடுங்கிறது குரல் தழுதழுக்கிறது எல்லாம் அதுக்குள்ளதான் வருது. கண் கலங்கட்டும், ஆனா மூக்கை உறிஞ்சத் தொடங்கினீரெண்டா அடுத்த ஜதிக்கு மூச்சு இராது, மை கரைஞ்சு கன்னத்தில வடிஞ்சா சனம் சீதையை விட்டிட்டு உம்மைத்தான் பாக்கும். பழகேக்க வடிவா அழும், எந்த வரியில உடையுதெண்டு பாத்து வைச்சு மேடையில அதுக்கு முதல் வரியிலயே மூச்சை ஆறுதலா விடும்.

கேள்வி: செத்துப்போன அம்மம்மான்ர அந்தியேட்டிக் கிரியையில சிவபுராணம் படிக்கச் சொல்லினம். தொண்டை அடைச்சிடும் எண்டு பயம்.

பதில்: அழுகை வரேக்க காத்துக் கூட இழுக்கிறதுக்காகக் குரல்வளை திறந்து நிக்கப் பாக்கும், நீங்கள் எச்சில் விழுங்கேக்க அது மூட வேணும், ரெண்டும் இழுபடுறதைத்தான் தொண்டையில கட்டி மாதிரி உணருறம். கண்ணீர் மூக்குக்குள்ளயும் இறங்கும், அதாலதான் குரல் அடைச்சமாதிரிக் கேக்கும். வழமையா பாடுற சுருதியில ஒரு கட்டை இறக்குங்கோ, படத்தைப் பாக்காதேங்கோ, பக்கத்தில ஒராளைக் கூடப் படிக்க வையுங்கோ, நீங்கள் நிண்டா அவர் இழுத்துக்கொண்டு போவார். அங்க குரல் உடைஞ்சா ஒருத்தரும் குறை சொல்லாயினம், அது கச்சேரி இல்லையே.

கேள்வி: பாரிஸில மச்சாள் பலே நடனம் பழகுறா. விரல் புண்ணாகினாலும் முகத்தில காட்டக்கூடாதாம். கல்லு மனசோ?

பதில்: பலே 14ஆம் லூயி ராசாவின்ர அரசவையில வளந்தது, 1661இல அதுக்கெண்டே அகாடமி வைச்சவர், அந்த அரசவை மிடுக்கு இண்டைக்கும் முகத்தில நிக்குது. ஆனா 1841இல பாரிஸில முதல் மேடையேறின ‘ஜிசெல்’ எண்ட பலேயில நாயகிக்குப் புத்தி பேதலிக்கிற இடம் இருக்கு, சனம் அழும், ஆடுறவா உள்ளுக்க தாளம் எண்ணிக்கொண்டுதான் ஆடோணும். சுத்தேக்க ஒரு புள்ளியைப் பாத்துச் சுத்திறவை, கண் நிறைஞ்சா அது தெரியாது. எண்டாலும் உணர்ச்சியை அடக்கிறது வேற நோவை மறைக்கிறது வேற, புண்ணோட ஆடச் சொல்லுறது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, டொக்டரிட்டக் காட்டச் சொல்லுங்கோ.

கேள்வி: ஆம்பிளை மேடையில அழுதா சிரிப்பினமே அக்கா?

பதில்: எங்கட இசை நாடக நடிகர் நடிகமணி வைரமுத்து அரிச்சந்திரனா வந்து மயான காண்டம் பாடின ஊரில இருந்துகொண்டோ தம்பி இதைக் கேக்கிறீர்? இசை நாடகத்தில அழுகையும் பாட்டுத்தான், சுருதி மட்டும் விலகக்கூடாது.